பேர் என்றொரு வினைச்சொல்

குடியுரிமைக்கான முதல் நேர்காணலில் என்னைத் தடுமாற வைத்தது ஒரே ஒரு ஆங்கிலச் சொல். அந்த அதிகாரி அதைப் பேச்சுவாக்கில்தான் சொன்னார். அவருடைய கம்ப்யூட்டர் மெதுவாகத் திறந்துகொண்டிருந்தது. திரையைப் பார்த்தபடியே, “பேர் வித் மீ” என்றார்.

என் காதில் ‘பேர்’ மட்டும்தான் விழுந்தது. பெயரைக் கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

“நோ, நோ. ஜஸ்ட் பேர் வித் மீ.”

முழுப் பெயர் வேண்டும் போலிருக்கிறது என்று என் அப்பாவின் பெயரையும் சேர்த்து, பாஸ்போர்ட்டில் இருக்கிற வரிசையில், முன்னைவிடச் சத்தமாகச் சொன்னேன். அவர் புருவத்தை லேசாகத் தூக்கிவிட்டுத் திரைக்குத் திரும்பினார். ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார் என்பது வீட்டுக்கு வந்த பிறகு மகள் சொல்லித்தான் தெரியும். ஆனால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று என் மனைவி ஒரு சுலபவழி சொல்லிக் கொடுத்திருந்தாள். “ஹேவ் யூ எவர்னு ஆரம்பிச்சா நோ. ஆர் யூ வில்லிங்னு ஆரம்பிச்சா யெஸ். அவ்வளவுதானுங்க, வேற ஒண்ணுமே இல்ல.” அதையே பிடித்துக்கொண்டு நோ, நோ, நோ என்று வந்தேன். பிறகு, “ஆர் யூ வில்லிங் டு பேர் ஆர்ம்ஸ்” என்று வந்தது. மறுபடியும் அதே பேர். யெஸ் என்றேன்.

“அப்படியென்றால் என்ன அர்த்தம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அதற்கு மனைவி சொல்லிக் கொடுத்த வழியில் பதில் இல்லை. ஆர்ம்ஸ் என்றால் கை. அது எனக்குத் தெரியும். என்ன கேட்டார், என்ன செய்யச் சொல்கிறார் என்று யோசிக்கத் தெம்பில்லாமல் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

அவருடைய நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு நொடிதான். பிறகு அவர் பொறுமையாக, கையைக் கீழே போடுங்கள் சார் என்றார். கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார். ஆங்கிலம் போதவில்லை, இரண்டு மூன்று மாதத்துக்குள் இன்னொரு முறை கூப்பிடுவார்கள், அதிலும் தவறினால் மனு முடிந்தது.

வீட்டில் நான் இதைச் சொன்னபோது என் மனைவி முதலில் சிரித்துவிட்டாள்.

“ஏனுங்க, நெசமாலுமே கையைத் தூக்குனீங்களா? போலீசு புடிச்ச மாதிரியா?”

“ஆமா.”

“ரெண்டு கையையுமா?”

“ரெண்டையும்தான். ஒரு கையைத் தூக்குனா வணக்கம் வைக்கற மாதிரி இருக்குமேன்னு...”

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு தாளை வாங்கிப் படித்தாள். படித்து முடித்ததும் சிரிப்பு நின்றுபோனது. தாளை மடித்து, மடித்த இடத்தை நகத்தால் இரண்டு மூன்று தடவை நீவினாள். பள்ளிக்கூடப் பையை இறக்காமலே நின்ற மகள், “அப்பா, இட்ஸ் ஓகே. யூ கெட் ஒன் மோர் சான்ஸ்” என்றாள். ஒன் மோர். இன்னும் ஒன்றே ஒன்று.

நான் கோபிக்குப் பக்கத்து ஊர்க்காரன். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். மனைவி நர்ஸ். அவளுக்கு இங்கே பிளானோ என்ற ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததால் அவளோடு வந்தேன். ஒரு இந்திய மளிகைக் கடையில் சாமான் அடுக்குகிறேன், காய்கறி நறுக்கிப் பாக்கெட் போடுகிறேன். அங்கே தமிழும் அரைகுறைத் தெலுங்கும் போதும். ஆங்கிலம் பேச வேண்டிய இடத்தில் மனைவி பேசுவாள், இல்லாவிட்டால் மகள் பேசுவாள். இயல்பிலேயே கூச்சக்காரன். நாலு பேர் இருக்கும் இடத்தில் தமிழிலேயே எனக்கு வாய் வராது. இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

மனைவி குடியுரிமை வாங்கியபோது மகளுக்கும் அவளோடு சேர்ந்து கிடைத்துவிட்டது. அன்றைக்கு நானும் சேர்ந்து எழுதிப் போட்டிருக்க வேண்டும். பரீட்சைக்குப் பயந்து தள்ளிப்போட்டேன். அதன் பிறகு ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் விமான நிலையத்தில் அவர்கள் இருவரும் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. ஒரு தடவை என்னை மட்டும் தனி அறைக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மணி நேரம். போனைத் தொடக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. கடைசியில் வேறு யாருடைய பெயரோ என் பெயர் மாதிரியே இருந்ததாம், அவ்வளவுதான். வெளியே வந்தபோது மகள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். இப்போது கடைக்கு வருகிறவர்கள் பருப்பு எடுத்துக்கொண்டே பேசுவது வேறு காதில் விழுகிறது. “க்ரீன் கார்டு இருந்தாலும் சேஃப் இல்லீங்களாமே அங்கிள்” என்று ஒரு பெண் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகும் நான் அந்த வரிசையிலேயே துவரம்பருப்பை எடுத்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மனைவிதான் நூலகத்தில் நடக்கும் இலவச ஆங்கில வகுப்பைக் கண்டுபிடித்தாள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. போய்ப் பார்த்தால் பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் சீனர்கள். டீச்சரும் சீனப் பெண்மணிதான். சம்பளம் வாங்காமல் சொல்லித் தருகிறவர். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. இங்கே பாதி சீன மொழியில்தான் விளக்குவோம், உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமே என்றார். எனக்கு எழுந்து வெளியே போவதற்கும் கூச்சம். “நோ ப்ராப்ளம்” என்று சொல்லிவிட்டுக் கதவோரம் உட்கார்ந்தேன்.

வகுப்பில் ஒரு வழக்கம். புரியாத வினைச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவில் போட வேண்டும். அதிலிருந்து ஒன்றை எடுத்து அடுத்த வாரத்துக்கு டீச்சர் பாடம் தயாரித்துக் கொண்டுவருவார். யாருக்கும் தெரியாமல் நானும் எழுதிப் போட்டேன். ஆங்கில எழுத்தில் நாலே எழுத்து, பேர்.

அடுத்த வாரம் அதே சொல்தான் வந்தது. எனக்குச் சந்தோஷம். தாளை வாங்கிப் பார்த்தேன். மேலே ஆங்கிலத்தில் அந்தச் சொல். கீழே ஒன்பது ஆங்கில வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அர்த்தம் தெளிவாக, அழகாக, முழுக்க முழுக்கச் சீன எழுத்தில். டீச்சர் விளக்கிக்கொண்டே போனார். எல்லோரும் ஆ, ஆ என்று தலையாட்டினார்கள். ஒரு இடத்தில் சிரித்தார்கள். அது நான் கேட்ட சொல் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் அது புரியவுமில்லை.

என் பக்கத்தில் என் வயதொத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் கடை இருக்கும் அதே வளாகத்தில் ஒரு சீன உணவகத்தில் சமையல்காரர். முழங்கைவரை எண்ணெய் தெறித்த தழும்புகள். அவருக்கும் நேர்காணல் வரவிருந்தது. அவர் என் தாளையும் என் முகத்தையும் பார்த்தார்.

“யூ, நோ சைனீஸ்?”

“நோ சைனீஸ்.”

“பேப்பர், ஆல் சைனீஸ்.” சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பிறகு அவர் கைகாலால் பாடம் நடத்த ஆரம்பித்தார். விரல்களை நகம்போல மடக்கி உறுமினார். அது கரடி, வினைச்சொல்லே இல்லை, இருந்தாலும் எச்சரிக்கைக்காகத் தாளில் முதலில் போட்டிருந்தது. காலி நாற்காலியைத் தூக்கிக் காட்டினார். சுமப்பது. வயிற்றுக்கு முன்னால் கையைப் பெரிதாக வளைத்துக் காட்டினார். பிள்ளை பெறுவது. முன்வரிசை அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பையன்கள்போலத் தலையைக் குனிந்துகொண்டோம். ஐந்தாவது வாக்கியம் அவருக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. டோல்வே என்கிற கட்டணச்சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் போனில் வரும் குரல் அதைத்தான் சொல்லும், பேர் லெஃப்ட் என்று. அந்த இடத்தில் தினமும் எனக்கு ஸ்டியரிங் ஈரமாகும். நான் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் கையை வைத்து இடதுபக்கமாகச் சாய்ந்து காட்டினேன். அவர் என் முதுகில் தட்டினார்.

பொறுத்துக்கொள்வது என்கிற அர்த்தத்துக்கு அவர் நடித்துக் காட்டவில்லை. அந்தச் சீன எழுத்தைப் பெரிதாக எழுதினார். மேல்பாதியில் விரலை வைத்து, “நைஃப்” என்றார். கீழ்ப்பாதியில் வைத்து, “ஹார்ட்” என்றார். நெஞ்சுக்கு மேலே கத்தி. பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, அசையாமல் உட்கார்ந்து காட்டினார். விமான நிலையத்தின் அந்தத் தனி அறையில் நான் உட்கார்ந்திருந்ததும் அப்படித்தான்.

கடைசி வாக்கியம் பேர் ஆர்ம்ஸ். டீச்சர் எனக்காக ஆங்கிலத்தில், “இங்கே ஆர்ம்ஸ் கை இல்லை” என்றார். வேறு என்ன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சமையல்காரர் என் தாளின் ஓரத்தில் ஒரு படம் போட ஆரம்பித்தார். நீளமான குழல், கீழே பிடி. பாதியிலேயே அவர் கை நின்றது. நூலகத்தில் உட்கார்ந்து துப்பாக்கி படம் போடுகிறோம் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நூலகக் காவலர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சமையல்காரர் தாளின் ஓரத்தைச் சத்தமில்லாமல் கிழித்துச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

டீச்சர் அதைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். வகுப்பு முடிந்ததும் எங்கள் இருவரையும் நிறுத்தி மெதுவாகச் சொன்னார். “ஆபீசர் அர்த்தம் கேட்டால் வாயால் சொல்லுங்கள். கையால் காட்டாதீர்கள். விரலைத் துப்பாக்கிபோல் வைக்கவே வைக்காதீர்கள்.”

எனக்குக் கையை விட்டால் வேறு மொழி கிடையாது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் இறுக்கி வைத்துக்கொண்டு, வாயால் மட்டும் சொல்லிப் பார்த்தேன். கேரி கன். ஃபார் கன்ட்ரி. இஃப் லா சே. இவ்வளவும் சொல்வதற்குள் நான் இறங்க வேண்டிய எக்ஸிட் தாண்டிவிட்டது.

அந்தச் சொல் தமிழில் எனக்கு விளங்கியது வேறொரு நாள், கடையின் பின்பக்கக் கிடங்கில். அரிசி மூட்டைகள் அடுக்கிய அட்டி சரிந்தது. கூட வேலை செய்யும் தம்பி, “அண்ணே, கொஞ்சம் தாங்கிப் புடிங்க, தாங்கிப் புடிங்க!” என்று கத்தினான். தோளைக் கொடுத்து நின்றேன். அவன் ஒவ்வொரு மூட்டையாக எடுத்து இறக்கும்வரை தாங்கு என்ற சொல் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பாரம் தாங்குகிறோம். வலி தாங்குகிறோம். சீனருக்கு ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு தனி எழுத்து தேவைப்பட்டது. எங்கள் பேச்சில் அந்த அர்த்தங்களில் பாதிக்கும் மேல் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. அடுத்து நினைவுக்கு வந்தது செய்தித்தாளில் அடிக்கடி பார்த்த வரி. கலவரம் நடந்த ஊரில் ஆயுதம் தாங்கிய போலீசார் குவிப்பு. ஆயுதம் தாங்கிய.

“அண்ணே, விட்றலாம், எல்லாம் இறக்கியாச்சு” என்றான் தம்பி. நான் தோளை எடுக்கவில்லை.

இத்தனை நாளும் அந்தக் கேள்வி எனக்கு வெறும் சத்தம். ஆர் யூ வில்லிங் என்று ஆரம்பித்தால் யெஸ். இப்போது அது என் சொந்த மொழியில் வந்து நின்றுவிட்டது. சட்டம் சொன்னால், இந்த நாட்டுக்காக ஆயுதம் தாங்குவீர்களா? சத்தியம் செய்துவிட்டுச் சொல்ல வேண்டிய பதில். புரியாமல் தவறிவிடுவேனோ என்பது பழைய பயம். அது போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. புரிந்தபிறகு எப்படி யெஸ் சொல்வேன்? நோ என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அதை ஆங்கிலத்தில் விளக்க என்னால் ஆகாது, மனு போய்விடும். யெஸ் என்றால் பொய்யாகிவிடுமோ? பொய் சொன்னவனை என்ன செய்வார்கள்?

மனைவியிடம் கேட்டேன். “நீ சொன்னப்போ யோசிச்சியா?”

“எதை?”

“துப்பாக்கி தூக்குவீங்களான்னு கேட்டாங்களே.”

“கேட்டாங்க. யெஸ்ஸுன்னேன். அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க.” தோசையைத் திருப்பிப் போட்டாள். “நீங்க என்னத்துக்கு இப்படிக் கொடையறீங்க? உங்க வயசுக்கு உங்களை யாரு கூப்பிடப் போறா? அனுமாருக்கு வேண்டிக்கிட்டிருக்கறேன். பேசாம யெஸ்ஸுன்னு சொல்லிட்டு வாங்க.”

“கூப்பிட்டா?”

“கூப்பிட்டா, எனக்குக் கத்திரிக்காதான் நறுக்கத் தெரியும்னு சொல்லுங்க.”

மகள் உள்ளிருந்து, “ஹீ’ஸ் நாட் ராங், தோ” என்றாள். அப்பா கேட்பது தப்பில்லையே என்று அர்த்தம்; மனைவி அடுத்த தோசைக்கு மாவை ஊற்றினாள்.

சமையல்காரரின் நேர்காணல் எனக்கு முன்னால் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு டப்பா நிறைய மாவு உருண்டைகளோடு வந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கென்று கறி இல்லாததைத் தனியாக ஒரு பொட்டலத்தில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்கலாமா வேண்டாமா என்று வெகுநேரம் தயங்கி, கடைசியில் கேட்டேன்.

“பேர் ஆர்ம்ஸ், யூ சே யெஸ்?”

“யெஸ்.”

“ட்ரூ யெஸ்?”

அவர் மெல்லுவதை நிறுத்தினார். என்னை அப்படி ஒரு முகத்தோடு அவர் பார்த்ததில்லை. பேனாவை எடுத்து, உருண்டை வைத்திருந்த காகிதத்திலேயே அந்த எழுத்தை எழுதினார். நெஞ்சுக்கு மேலே கத்தி. எழுதிவிட்டு எழுந்து டீ எடுக்கப் போய்விட்டார். அது யெஸ்ஸா நோவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டாவது நேர்காணலுக்கு மனைவி லீவு போட்டுவிட்டு வந்தாள். அவள்தான் கார் ஓட்டினாள். கூடத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். இந்த முறை ஒரு பெண் அதிகாரி. அறைக்குள் போனதும் வலது கையை உயர்த்தி உண்மையே சொல்வதாகச் சத்தியம் செய்தேன். கையை இறக்கிய பிறகு இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

படிக்கச் சொன்னார், படித்தேன். எழுதச் சொன்னார், எழுதினேன். பேனா வழுக்கியது. நோ, நோ, நோ என்று கேள்விகள் போய்க்கொண்டிருந்தன. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். மாடிப்படியில் காலடிச் சத்தம் நெருங்கி வருவதுபோல அது வந்தது.

“பேர் ஆர்ம்ஸ் என்றால் என்னவென்று தெரியுமா?”

“கேரி கன்,” என்றேன். “ஃபார் கன்ட்ரி. இஃப் லா சே.”

“வெரி குட். ஆர் யூ வில்லிங்?”

அவர் தட்டச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கைகள் தொடைக்கு அடியில் மரத்துப்போயிருந்தன. விமான நிலையத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த மகளை நினைத்தேன். அந்த மூட்டைகளுக்கு முன்னால் தோளைக் கொடுத்தபோது நான் யோசிக்கவே இல்லை என்பதையும் நினைத்தேன். ஆனால் அது அரிசி. இது ஒரு ஆள்மேல் குறி வைப்பது.

“சார்?”

“யெஸ்,” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் தானாகவே, “பட் ஐ ஆம் அஃப்ரெய்ட்” என்றது.

சொன்னதும் எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் தணிந்த குரலில், “தட்ஸ் நாட் தி கொஸ்டின், சார்” என்றார். பயமாக இருக்கிறதா என்று அந்தத் தாளில் யாரும் கேட்கவில்லையாம். யெஸ் என்பதற்கு எதிரே ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

தேறிவிட்டேன். பிரமாணம் எடுக்க வரச்சொல்லிக் கடிதம் வரும் என்று அச்சடித்த தாளைக் கொடுத்தார். வெளியே மனைவி காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

“போச்சுங்களா?”

“இல்ல. பாஸ்.”

“அட, பாஸா? அப்புறம் என்னத்துக்குங்க மூஞ்சி இப்படி இருக்குது? நான் பயந்தே போயிட்டேன்.” என் கையைப் பிடித்தாள். “என்னங்க இது, ஐஸ் மாதிரி இருக்குது?”

காரில் உட்கார்ந்து தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் அன்றைக்கு எல்லோரும் சொல்ல வேண்டிய பிரமாணம் அச்சாகியிருந்தது. படிக்கப் படிக்க அந்தச் சொல் வந்தது. விசுவாசத்துக்கு ஒரு முறை, ஆயுதத்துக்கு ஒரு முறை. அதை அவளிடம் விரலால் தொட்டுக் காட்டினேன். எழுந்து நின்று, கையை உயர்த்தி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அவள் எட்டிப் பார்த்துவிட்டு பெல்ட்டை மாட்டினாள். “அன்னைக்கு நூத்துக்கணக்குல ஆளுங்க இருப்பாங்க. எல்லாரும் சேர்ந்துதான் சொல்லுவாங்க. உங்க குரல் யாருக்கும் கேக்காது. பயப்படாதீங்க.”

எனக்குக் கேட்குமே என்று சொல்ல வந்தேன். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். ஆமாம், கேட்காதுதான் என்றேன்.